கன்னியம்மாளின் கால்: மூன்று மதிப்பீடுகள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இருபத்தாறு வருஷம் இந்தியப் பொருளாதாரத்தைத் தம் தோளில் சுமந்த முனைவர் கோதண்டராமன், அதை இறக்கி வைத்துவிட்டுக் கறுப்புக் கோட்டு மாட்டி, விபத்து இழப்பீட்டு வக்கீலாகத் திருவண்ணாமலை மக்களுக்குத் தம்மை அர்ப்பணித்துவிட்டார். பொருளாதாரத்தின் தரப்பிலிருந்து இதுவரை புகார் எதுவும் இல்லை.

சென்னையில் குளுகுளு அறையில் உட்கார்ந்து ஏழைகளைப் பற்றி அறிக்கை எழுதி எழுதி அலுத்துப்போனவர், ஐம்பது தாண்டிச் சட்டம் படித்து, வேங்கிக்காலில் மாடியில் ஓர் அறை பிடித்தார். வாசல் போர்டில் பெயரைவிடப் பட்டங்கள் நீளம்.

தேடி வந்த முதல் பெரிய வழக்கு கன்னியம்மாளுடையது. கிரிவலப் பாதையில் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தே சுக்குக் காபி விற்றவள். பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த ஒரு டூரிஸ்ட் வேன் அவள் வலது முழங்காலை நசுக்கிவிட்டது. இனி அந்தக் கால் மடங்காது. கால் மடங்காவிட்டால் கேன் ஏது, வியாபாரம் ஏது?

இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் பலராமன் முதல் வாய்தாவிலேயே கையை விரித்தார்.

"சம்பளச் சீட்டு இல்ல, பாஸ்புக் இல்ல. சாமி கும்பிடப் போற எடத்துல ஒரு கேனையும் எடுத்துட்டுப் போயிருக்காங்க. அவ்ளோதாங்க ஐயா."

கோதண்டராமனுக்கு ரத்தம் கொதித்தது. பதினாலு கிலோமீட்டர்! கொதிக்கிற கேனோடு, கூட்டத்தில் இடிபட்டு! சீட்டில் அச்சடித்தால்தான் உழைப்பா? அந்த ஆத்திரத்திலேயே மூன்று பௌர்ணமி, மற்ற சுக்குக் காபிக்காரர்களின் பின்னால் நடந்து டம்ளர் எண்ணினார். காலில் கொப்புளம். அறுபத்தெட்டுப் பக்கத்தில் அறிக்கை எழுதினார். வரைபடம் மட்டும் பதினொன்று. கன்னியம்மாளின் வருமானத்துக்கு, குறைந்தபட்சம், நடுத்தரம், அதிகபட்சம் என மூன்று மதிப்பீடு.

"எதுக்கு சார் மூணு? நான் ஒருத்திதானே?" என்றாள் கன்னியம்மாள்.

"மழை பெய்யலாம், கூட்டம் கம்மியா வரலாம். எல்லாத்தையும் காட்டறதுதாம்மா ஆய்வு நேர்மை" என்று சிரித்தார்.

விசாரணை நாளன்று நாற்பது நிமிஷம் முழங்கினார். பெண்ணின் உழைப்பைக் கண்ணால் பார்க்கவும் மறுக்கிற சமூகத்தைச் சாடினார், வேனைச் சாடினார், இன்ஷூரன்ஸ் முறையையே சாடினார். முடித்து உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது.

பலராமன் மெதுவாக எழுந்தார்.

"டாக்டர் சாரோட அறிக்கை பிரமாதம். நாங்க அப்படியே ஏத்துக்கிறோம். பக்கம் நாற்பத்தொண்ணு, குறைந்தபட்ச மதிப்பீடு. மனுதாரர் தரப்பே ஒப்புக்கிட்ட தொகை. அதுக்கு மேல நாங்க என்னத்தைச் சொல்றது?"

பின்வரிசை வக்கீல்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இது நீங்க தாக்கல் செஞ்சதுதானே?" என்றார் நீதிபதி.

"ஆமாங்க ஐயா, ஆனா அது வந்து ஒரு கீழ் எல்லை. புள்ளியியல்படி..."

"நீங்க செஞ்சதுதானே?"

"ஆமாங்க ஐயா."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் கத்தித் தீர்த்தார். "அயோக்கியத்தனம்! ஆராய்ச்சின்னா என்னன்னே தெரியாத ஆளு! மூணுல ஒண்ணை மட்டும் உருவிட்டுப் போறான்!"

கன்னியம்மாள் ஊன்றுகோலை மரத்தில் சாய்த்துவிட்டு, அவர் ஓயும்வரை காத்திருந்தாள்.

"அவரு மேல ஏன் சார் கோவப்படறீங்க? அவரு அவங்க கம்பெனிக்காகப் பேசினாரு. நீங்க யாருக்காகப் பேசினீங்க?"

"உண்மைக்காகம்மா."

"உண்மையா சார் வேனுல மாட்டுச்சு? நான்தானே மாட்டினேன்?"

மறுநாளே கோதண்டராமன் அறிக்கையைத் திரும்பப் பெற மனுப் போட்டார். தள்ளுபடி.

இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. முனைவர் கோதண்டராமனின் ஆய்வு நேர்மையை அதில் ஒரு முழுப் பத்தி பாராட்டியிருந்தார்கள். தொகை, குறைந்தபட்ச மதிப்பீட்டின்படி.