மௌனச் சாமியார் கிணற்றின் முதல் தண்ணீர்

என் அண்ணன் நிறோஜன் நண்டு வலை எடுக்கத் தனியே கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அன்று மத்தியானமே சோளகக் காற்று கடுமையாகியிருந்தது. மறுநாள் அவனுடைய மண்ணெண்ணெய்க் கலன் கடல் நடுவே தெரியும் மணல் தீடை ஒன்றுக்கு அருகில் மிதந்தது. அதற்கு மறுநாள் பஸ்ரியன் பெரியப்பாவும் எங்கள் கரைக்காரர்களும் படகுகளில் தேடப் போனார்கள். அம்மா கிணற்றை இறைக்கப் போனார்.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். அதில் என் எண்ணம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

கரையிலிருந்து பனைகளுக்குள்ளால் நடந்தால் முருகைக்கல் எனும் பவளப்பாறையால் கட்டிய, கூரை இல்லாத ஒரு சிறிய அறை இருக்கிறது. பறங்கியர் காலத்தில் அதில் ஒரு துறவி யாரோடும் பேசாமல் வாழ்ந்தார் என்பார்கள். அறைக்குப் பக்கத்தில் அவர் தோண்டிய கிணறு. நாங்கள் அதை மௌனச் சாமியார் கிணறு என்கிறோம். எருக்கலம்பிட்டி முஸ்லிம் ஆட்கள் அவுலியா கிணறு என்கிறார்கள். கடலில் ஒருவர் காணாமல் போனால் அவர் வீட்டார் அந்தக் கிணற்றை அடிமணல் தெரியும்வரை இறைக்க வேண்டும். பிறகு ஊறும் முதல் தண்ணீரைத் தாயோ மனைவியோ குடித்துப் பார்ப்பார். நல்ல தண்ணீர் என்றால் ஆள் உயிரோடு இருக்கிறார். தேடல் தொடரும், ஊர்ப் பெண்கள் குடங்களோடு வந்து அந்தத் தண்ணீரைப் பங்கிட்டுக் கொண்டு போவார்கள். உவர் என்றால் கடல் எடுத்துக்கொண்டது. படகுகள் திரும்பிவிடும், இறந்தவருக்கான பூசைக்குச் சொல்லிவிடுவார்கள். அதற்கு மேலும் தேடினால் கடல் இன்னொருவரைக் கேட்கும் என்பது எங்கள் கரையின் பயம்.

அம்மா விடிந்ததிலிருந்து வாளியால் இறைத்தார். நான் மாற்றி இறைத்தேன். இருவர் உள்ளங்கையும் உரிந்துவிட்டது, தண்ணீர் ஒரு முழம்கூட இறங்கவில்லை. அப்போதுதான் அம்மாவின் தம்பி சாந்தரூபன் மாமா தன் தோட்டத்து இறைப்பு மெஷினை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.

"அக்கா, உப்பிடி வாளியால அள்ளினா கிழமை முடிஞ்சாலும் அடி தெரியாது."

"கையால இறைக்கிறதுதானே வழமை, ரூபன்."

"சாமியார் இப்ப இருந்தா அவரும் மெஷின்தான் வச்சிருப்பார். வாய் திறந்து கேக்க மாட்டார், அவ்வளவுதான்."

அம்மா சிரிக்கவில்லை. விலகி வழிவிட்டார்.

நான் மன்னார் நகரில் நீர்ப் பரிசோதனை பற்றிய மாலை வகுப்பு ஒன்றுக்குப் போகிறேன். அங்கே கேட்டது நினைவுக்கு வந்தது. "மாமா, மெஷின் வேண்டாம். தீவில நல்ல தண்ணி கடல் தண்ணிக்கு மேலதான் மிதந்துகொண்டு நிக்குதாம். கெதியா, ஒரேயடியா இறைச்சா கீழ கிடக்கிற உவர் மேல வந்திடுமாம்."

"அப்ப உன்ர வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வா பிள்ளை. அவர் வாளியால இறைக்கட்டும்."

"பேசாமல் இரு, மதுஷிகா," என்றார் அம்மா. "அவன் எங்க கிடந்து தவிக்கிறானோ. பொழுது போகுது."

மெஷின் இரைந்தது. வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் அடிமணல் தெரிந்தது. மாமா மெஷினை நிறுத்திவிட்டு இறங்கி, மணலில் கசிந்து வந்த தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் ஏந்தி மேலே கொடுத்தார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு குடித்தார். துப்பவில்லை. விழுங்கிவிட்டுச் சிரட்டையை என்னிடம் நீட்டினார்.

உவர். நாக்கில் ஒட்டிக்கொள்ளும் உவர். மேலே ஏறி வந்த மாமாவும் குடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, இது மெஷினால வந்தது. அண்ணாவுக்கு ஏதோ நடந்ததெண்டு அர்த்தமில்லை."

"உனக்கு வடிவாத் தெரியுமே?"

தெரியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நான் பார்த்தது கரும்பலகையில் ஒரு படம். இந்தக் கிணற்றை யாரும் அளந்ததில்லை. அண்ணன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் படத்தைப் பிடித்துத் தொங்குகிறேனோ என்றும் பட்டது.

"முழுக்கத் தெரியாது அம்மா."

அந்த நேரம் மாமாவின் போன் அடித்தது. பஸ்ரியன் பெரியப்பா. குரலைவிடக் காற்றுத்தான் பலமாகக் கேட்டது.

"ரூபன், தீடைக்குக் கிட்ட நிக்கிறம். காத்து ஏறுது. தண்ணி என்ன மாதிரி?"

மாமா அம்மாவைப் பார்த்தார். நான் போனைப் பறித்தேன். "நல்ல தண்ணி பெரியப்பா!"

பெரியப்பா காற்றுக்கு மேலாகக் கத்தினார். "பிள்ளை, கொம்மா எங்க? குடிச்சது அவதானே. அவ சொல்லட்டும்."

சாமியாரின் அறைக்கு முன்னால் அம்மா குரலை உயர்த்திக்கூடப் பேசுவதில்லை. அந்த வாசலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போனை வாங்கினார்.

"பஸ்ரியன் அண்ணை, பிரான்சிஸ்கா பேசுறன். நல்ல தண்ணி. இளநி மாதிரிக் கிடக்கு. என்ர பிள்ளை இருக்கிறான். தேடுங்கோ."

"ஓம் தங்கச்சி. அப்ப அங்கால் தீடையளையும் பாத்திட்டு வாறம்."

போன் நின்றது. மாமா தணிந்த குரலில், "என்ன வேலை செய்தனீங்கள் அக்கா? அந்தக் காத்துக்குள்ள நிக்கிறதும் தாய்மார் பெத்த பிள்ளையள்தானே," என்றார்.

"தெரியும்," என்றார் அம்மா.

பனைகளுக்குள்ளால் பேச்சுக் குரல்கள் வந்தன. மெஷின் நின்றதைக் கேட்டு ஊர்ப் பெண்கள் குடங்களோடு வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மேரி ரோஸ் அக்கா. அவருடைய மகனும் தேடப் போன படகொன்றில் இருந்தான்.

"நல்ல தண்ணியாமே! மகன் இப்பத்தான் போன் எடுத்தவன். மாதா கைவிடமாட்டா எண்டு நான் சொன்னனான்!"

அவர்களில் ஒருத்தி ஒரு வாய் குடித்தால் போதும். படகுகள் திரும்பிவிடும்.

நான் சிரட்டையில் மிச்சமிருந்ததை மணலில் ஊற்றினேன். அம்மா கிணற்றுக் கட்டில் ஏறி நின்று இரண்டு கைகளையும் விரித்தார்.

"ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ!"

"பங்கெடுக்க வந்தனாங்கள், அக்கா. வழமைதானே?" என்றாள் ஒருத்தி.

"முதல் தண்ணி என்ர பிள்ளைக்கு. அவன் வந்து குடிச்ச பிறகுதான் மற்றவைக்கு."

அப்படி ஒரு வழமையை யாரும் கேள்விப்பட்டதில்லை. மேரி ரோஸ் அக்கா அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். மாமா மெஷினின் குழாயைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டார். தண்ணீர் உண்மையில் எப்படி என்று மேரி ரோஸ் அக்கா கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

"சரி. அப்ப அவன் வரட்டும். வருமட்டும் இருக்கிறம்."

மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். யாரோ செபமாலையைத் தொடங்கினார்கள். அம்மாவின் கைகள் விரித்தபடியே இருந்தன. நானும் கட்டில் ஏறி, அவர் விழுந்துவிடாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.