வலக்கைப் பிடி

வெக்ஸ்போர்ட் பார்க் கார் தரிப்பிடத்தில் ஹீற்றரை முழுசாய்த் திறந்துவிட்டும் கஸ்பரின் வலக்கை விரல்களில் சூடு ஏறவில்லை. அது குளிரால் வந்த மரப்பில்லை. பிறம்ரன் வேர்ஹவுஸில் பெட்டி தூக்கும்போதும் பிடித்திருக்கிறானா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் அறியவேண்டியிருந்தது. கழுத்து நரம்பு நசிந்துபோச்சு, இனியும் முட்டி விளையாடினால் கையை மறந்துவிடு என்று டொக்டர் சொன்னதை அவன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

பக்கத்து சீற்றில் மனைவி வேரோனிக்கா அவன் விரல்களுக்கு ஒட்டும் ரேப் சுற்றிக்கொண்டிருந்தாள். கொழுக்கி மாதிரி மடக்கிவைத்துச் சுற்றச் சொன்னான். அவள் ஒருக்கால் நகத்தால் நுள்ளிப் பார்த்தாள். அவன் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் பலமாய் நுள்ளினாள்.

"எத்தினை நாளாய் உது?"

அவன் இடக்கையால் ஹீற்றரை நிப்பாட்டினான்.

கஸ்பர் ஆடுவது, ஊரில் ஒரே தீவைச் சேர்ந்த ஆட்களின் றக்பி கழகத்தில். தீவாருக்கு உருண்டைப் பந்து சரிவராது, முட்டைதான் சரி என்று நக்கலடித்தவர்கள் உண்டு. இப்போது பெடியள் விட்பி, அதற்கும் அங்காலே என்று வீடு வாங்கிச் சிதறிவிட்டார்கள். ஸ்க்ரம்மில் தலைகுனிந்து முட்டித் தள்ளும்போது பின்னால் நிற்கிறவர்களின் பாரமெல்லாம் முன்வரிசை மூன்று பேரின் கழுத்தில்தான். பழகாத ஆளை அங்கே நிறுத்த விடமாட்டார்கள். முன்வரிசைக்குப் பழகின வேறு ஆளில்லை; கஸ்பர் இறங்காவிட்டால் ஆட்டம் எதிராளிக்கு. இன்னொரு ஆட்டத்தைக் கொடுத்தால் கழகமே லீக்கில் இல்லை. அந்த மூவரில் நடுவில் நிற்பவன் வேரோனிக்காவின் தம்பி றொய்சன். அவனுடைய கை இரண்டும் பக்கத்து ஆட்களின் தோளில் கிடக்கும். அவனைத் தாங்குவது அவர்களுடைய பிடி. பிடி விட்டால் தலைகீழாய்ப் போவான், மேலே அத்தனை பேரும்.

"இந்தக் கையையோ நம்பி என்ர தம்பி கிடக்கப்போறான்?"

"இண்டைக்கு மட்டும்தான். இதோட விட்டிடுவன்."

"அவனிட்டச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுறன்."

"சொன்னா என்னை இறங்க விடமாட்டான். கழகம் போச்சுது. உன்ர அப்பான்ர சவப்பெட்டியைத் தூக்கினது ஆர் வேரோனிக்கா? உந்தப் பெடியள்தானே."

அவள் ரேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். காரை விட்டிறங்கிக் கோட்டருகே போய் நின்றாள்.

எதிரணி விட்பிக்காரப் பெடியள் எருதுகள் மாதிரி வந்து நின்றார்கள். முன்வரிசை ஆட்களுக்கு உடம்பு சரியோ என்று நடுவர் கேட்டார். அத்தானுக்கு வயசு மட்டும்தான் வருத்தம் என்று றொய்சன் தமிழில் சொல்ல, தீவுப் பெடியள் எல்லாரும் சிரித்தார்கள். கஸ்பரும் சிரித்துத் தலையாட்டினான்.

முதல் ஸ்க்ரம். றொய்சனின் முதுகைச் சுற்றிக் கையைக் கொடுத்து, கொழுக்கியை ஜேர்சிக்குள் செருகினான். செருகுப்பட்டதா? தலை குனிந்தபிறகு கையைப் பார்க்க ஏலாது. தோளிலிருந்து மனசாலே தடவிக்கொண்டு போனான். முழங்கைக்கு அங்காலே ஒன்றுமில்லை.

"அத்தான், பிடிச்சாச்சோ?"

"ஓம்."

இடது கக்கத்துக்குள்ளால் உலகம் தலைகீழாய்த் தெரிந்தது. சேறு. அதற்கு அங்காலே வெள்ளைக் கோடு. கோட்டில் ஒட்டி நின்ற வேரோனிக்காவின் சப்பாத்துகளில் ஒன்று கோட்டைத் தாண்டி உள்ளே வந்து பதிந்தது. முட்டச் சொல்லி நடுவர் இன்னும் குரல் கொடுக்கவில்லை. மற்றச் சப்பாத்தும் புல்லை விட்டுக் கிளம்பியது.