நில்டா வாங்கிய மெஷின்

நில்டா தன் ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றிக் கடைக்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்தபோது கடைக்காரர் ரமீரோவின் முகம் சுருங்கியது. உப்பும் சேறும் அப்பிய சக்கரம். அவர் அப்போதுதான் துடைத்து முடித்திருந்த தரை. அவள் அதைக் கிடத்தி, வால்வைத் திறந்து காற்று முழுவதையும் வெளியே விட்டாள்.

“இப்ப உங்க மெஷினை ஒவ்வொண்ணா எடுத்து வைங்கண்ணே. எது இதுக்கு உசுரு குடுக்குதோ அதை எடுத்துக்கறேன்.”

காசியானோ சுவரோரமாக நின்றான். நில்டா அவன் மனைவியின் தங்கை. சுரங்க லாரி ஓட்டிக்கொண்டிருந்தவள், இந்தப் பருவத்திலிருந்து அவனோடு கூட்டாக ஜீப் ஓட்டுகிறாள். உயூனி ஊரிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு உப்பு வெளியைக் கடந்து, மலைமேல் இருக்கும் ஏரிகள் வரை போகிற வண்டி. அங்கே மணலில் இறங்கும்போது டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். கல் பாதை வந்தால் மறுபடி அடிக்க வேண்டும். பழைய கம்ப்ரஸர் போன பயணத்தோடு கண்ணை மூடிவிட்டது.

ஆனால் கடைக்குள் நுழைந்ததிலிருந்து காசியானோவின் கண் கம்ப்ரஸர் பக்கமே போகவில்லை. மேல் தட்டில் இருந்த, பேட்டரியில் ஓடி நட்டு கழற்றும் மெஷினையே அது சுற்றிச் சுற்றி வந்தது. போன குளிர்காலத்தில் பனியில் வழுக்கி ஜீப்பின் கூரையிலிருந்து விழுந்தவன் அவன். எலும்பு கூடிவிட்டது, வலது தோளில் பலம் மட்டும் திரும்பவில்லை. ஸ்டியரிங் பிடிக்கலாம், ஸ்பானரை அழுத்தித் திருப்ப முடியாது. மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. பயண ஏஜென்சிக்காரர்கள் காதில் விழுந்தால் அடுத்த பருவத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அந்த மெஷினை எடுங்கள் என்று கேட்டால் எதற்கு என்று கேள்வி வரும். பக்கத்தில் எவாரிஸ்தோ வேறு நின்றுகொண்டிருந்தான். அவனும் ஜீப் டிரைவர்தான். அவன் வாயில் விழுந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

ரமீரோ முதலில் கையடக்கமான ஒன்றை ஓடவிட்டார். அது வீல் வீலென்று கத்தியது. நில்டா குழாய் சேரும் இடத்தில் விரலை வைத்து உடனே எடுத்தாள்.

“இது இங்கேயே மூச்சு வாங்குது. மலை மேல நமக்கே மூச்சு முட்டும், இது எங்க விடப்போகுது?”

அடுத்தது கனமானது, இரண்டு சிலிண்டர். வண்டி பேட்டரியிலேயே கவ்விக்கொள்வது. டயர் விறைத்து உப்பியது. அதோடு விட்டாளா? குழாய் பின் சக்கரம் வரை எட்டுமா என்று காலடி வைத்து அளந்தாள். கையுறை போட்டுக்கொண்டு கவ்வியைத் திறந்து பார்த்தாள். மணல் வடிகட்டியைக் கழற்றி ஊதினாள். பெண்ணைக் கொடுக்கிற வீட்டில் மாப்பிள்ளையைக்கூட இப்படி விசாரிக்க மாட்டார்கள் என்று காசியானோவுக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் அவன் வாங்கியதெல்லாம் பெட்டியின் நிறத்தைப் பார்த்துத்தான்.

“இது போதும். அந்த நட்டு மெஷினையும் எடுங்க,” என்றாள்.

எவாரிஸ்தோ சிரித்தான். “என்ன லாரிக்காரி, கை ஓஞ்சு போச்சா?”

“ஆமா, ஓஞ்சுதான் போச்சு. லாரி டயரோட மல்லுக்கட்டின கை. எனக்குத்தான் வேணும். உனக்கும் ஒரு நாள் வேணும்னு வருவ. அப்ப நான் சிரிக்க மாட்டேன், போ.”

கடையே சிரித்தது. காசியானோ மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி சொல்லியிருக்க மாட்டாள். நேற்று அவன் மூட்டை தூக்கும்போது கேட்காமலே மறுமுனையைப் பிடித்தவள் இவள்.

அடுத்த பயணத்தில், ஏரியைத் தாண்டி மணலிலிருந்து கல் பாதைக்கு ஏறும்போது பின் டயரைக் கல் கிழித்தது. காற்று ஆளைத் தள்ளியது. பயணிகள் இறங்கி நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பின்னால் வந்த எவாரிஸ்தோவும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான்.

நில்டா ஜாக்கியைப் போட்டுவிட்டு, சட்டைக்குள் கைவிட்டு மெஷினின் பேட்டரியை எடுத்தாள்.

“அதை என்ன வயித்துல கட்டிக்கிட்டு வர்ற?” என்றான் காசியானோ.

“குளிர்ல விட்டா செத்துரும் மாமா. கைக்குழந்தை மாதிரி அணைச்சு வச்சிருந்தேன்.” பேட்டரியைப் பொருத்தி அவனிடம் நீட்டினாள். “நீங்க கழட்டுங்க. எனக்குக் கை மரத்துப்போச்சு.”

அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஸ்டெப்னியை மாட்டும்வரை எவாரிஸ்தோ பக்கத்திலேயே நின்றான். பிறகு மெஷினை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

“எந்தப் பக்கம் தள்ளினா இறுக்கும்?” என்று மெல்லக் கேட்டான்.

நில்டா தள்ளிக் காட்டினாள். சிரிக்கவில்லை.

மணலுக்காக இளக்கிய டயர்களுக்கெல்லாம் காற்றடிக்க வேண்டியிருந்தது. பாதி வேலையில் அவள் கம்ப்ரஸரை நிறுத்தினாள்.

“ஏன் நிறுத்திட்ட?”

“சூடாயிருச்சு. பொதி சுமக்கற லாமா மாதிரிதான் மாமா இதுவும். அளவுக்கு மேல ஏத்தினா படுத்துக்கும், அப்புறம் யார் சொன்னாலும் எந்திரிக்காது.”

ஜீப்பின் மறைவில் உட்கார்ந்தார்கள்.

“நில்டா, உனக்கு...”

“என்ன மாமா?”

“ஒண்ணுமில்ல.”

அவள் பையிலிருந்து சின்னச் சாராய பாட்டிலை எடுத்து, பூமித் தாய்க்கு முதலில் இரண்டு சொட்டு விட்டு அவனிடம் கொடுத்தாள். யோசிக்காமல் வலது கையில் வாங்கிக்கொண்டான். கை நெஞ்சு வரைதான் உயர்ந்தது. அங்கிருந்தே தானும் பூமித் தாய்க்கு இரண்டு சொட்டு சாய்த்தான். சொட்டுகள் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. காற்று அவற்றை அள்ளிக்கொண்டுபோய், யாரும் மிதிக்காத புழுதியில் கறுப்புப் புள்ளிகளாகத் தூவியது.