குரல்காரி வந்த மாலை

கதிரவன் மேற்கே சாய, மாடங்களின் உச்சியெல்லாம் செம்பொன் நிறம் பூண, வேலை முடிந்த மாந்தர் தெருக்களை நிறைத்துக் கலகலத்துச் செல்ல, அவ்வாரவாரம் எட்டாத மேட்டுத் தெருவின் கடைக்கோடியில் அடைத்த சாளரங்களோடு நின்றது ஒரு வெண்ணிற மாளிகை. அதனுள்ளே ஒரு குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. தேன் என்றும் குழல் என்றும் முன்னோர் எழுதித் தீர்த்துவிட்டமையால், இனிய குரல் என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறேன். அம்மாளிகைக்குரிய நடிகையின் பழைய படமொன்றிலிருந்து எழுந்த குரல் அது. ஆயினும் அது நடிகையின் குரலன்று.

வியப்பு வேண்டா, கற்றறிந்த நண்பரே. பதினாறு அகவையில் திரைக்கு வந்த அப்பெண்ணின் முகத்தைக் கண்டு மகிழ்ந்த படமுதலாளி, அவள் பேசக் கேட்டதும் முகம் சுளித்து, இவளைப் பேச மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று ஆணையிட்டுப் போனார். கரகரத்த குரல் அவளுக்கு. அன்றுமுதல் திரையில் அவள் வாயசைக்க, ஒலிப்பதிவுக் கூடத்தின் இருளில் நின்று அவ்வசைவைப் பார்த்துப் பார்த்து வேறொருத்தி பேசினாள். படவுலகம் அவளைக் குரல்காரி என்றே அழைத்தது. ஒருத்தியின் முகமும் மற்றொருத்தியின் குரலும் சேர்ந்து ஒரே பெண்ணாகி, நாட்டையே பல்லாண்டுக் காலம் சிரிக்கவும் அழவும் வைத்தன. பொதுமேடைகளில் நடிகை வாய்திறவாது கைகூப்பி அமர்ந்திருந்ததைக் கண்டு, அடடா, எத்தனை அடக்கம் என்று ஊரே மெச்சிக்கொண்டது. என்ன சொல்ல!

நடிகையின் தாயோ இப்பொழுது கண்ணொளி இழந்து, நினைவும் நாளுக்கு நாள் நழுவ, மகளின் படங்களைக் கேட்பதொன்றே பொழுதாகக் கட்டிலில் கிடந்தாள். படப்பிடிப்பு, படப்பிடிப்பு என்று ஊர் ஊராய் அலைந்த மகள் தாயோடு அமர்ந்து பேசிய பொழுதுகள் குறைவு. ஆகவே சிறுவயது மகளின் குரல் மறந்துபோய், அத்தாயின் செவியில் தங்கியது திரைக்குரலே. "அம்மா, நான்தாம்மா" என்று நடிகை அருகமரும் போதெல்லாம், "யாரும்மா நீ? எம் பொண்ணக் கொஞ்சம் வரச் சொல்லேன்" என்றாள் முதியவள். எந்த அறைக்குள் போய் ஒளிந்தாலும் அவ்வினிய குரல் சுவர் தாண்டி வந்து நடிகையைத் தொடர்ந்தது. தான் என்றோ செத்துப்போய், தன் பேய் மட்டும் தாயோடு குடியிருப்பதாக அவளுக்குத் தோன்றலாயிற்று.

இனி நெடுநாள் தாங்காது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். தாய் கண்மூடுமுன் ஒருமுறையேனும் தன்னை மகளென்று அறிந்து தொடவேண்டும் என்ற தவிப்பில், நடிகை வெட்கத்தை விட்டுக் குரல்காரியின் வாயிலில் போய் நின்றாள். குரல்காரி மறுபேச்சின்றிக் கிளம்பி வந்தாள்.

நடிகை கட்டிலருகே அமர, அவள் தோளுக்குப் பின்னே குனிந்து நின்ற குரல்காரி, "அம்மா, வந்துட்டேம்மா" என்றாள். தாயின் முகம் மலர்ந்தது. அவள் விரல்கள் நீண்டு நடிகையின் நெற்றியைத் தடவி, கன்னத்தைத் தடவி, உதடுகளில் வந்து நின்றன. நடிகைக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசுகிற வாய் அசைய வேண்டுமே! பழகிய தொழில் கைகொடுத்தது. முன்னெல்லாம் இவள் உதட்டைப் பார்த்து அவள் பேசினாள். இன்று அவள் பேச்சைக் கேட்டு இவள் உதட்டை அசைத்தாள். உண்டாயா, உறங்கினாயா, ஏன் இப்படி இளைத்துப்போனாய் என்று தாய் கேட்டதற்கெல்லாம் பிசகின்றி விடை வந்தது.

பிறகு தாய் கேட்டாள்: "அப்பா போனப்ப நீ ஏன் வரல?"

குரல்காரி நடிகையின் தோளைத் தொட்டாள். அதற்கு விடை அவளிடம் ஏது? நடிகை பொறுக்கமாட்டாமல் தன் சொந்தக் குரலிலேயே சொன்னாள்: "பாட்டுக் காட்சி எடுத்துட்டு இருந்தாங்கம்மா. நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவள்போல் தாய் கையை இழுத்துக்கொண்டாள். "நடுவுல யாரு பேசறது? எம் பொண்ணப் பேச விடுங்க" என்று அதட்டினாள்.

நடிகை திரும்பிக் குரல்காரியைப் பார்த்து, சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அதே சொற்களைக் குரல்காரி சொன்னாள். விலகிய விரல்கள் மறுபடி உதட்டுக்கு வர, நடிகை வாயசைத்தாள். "மன்னிச்சிடும்மா" என்று இறுதியில் குரல்காரி தானாக ஒன்றைச் சேர்த்தாள். எதிர்பாராத அச்சொல்லுக்கு மட்டும் நடிகையின் உதடு பிந்திவிட்டது. சொன்னவளோ விம்மி அழத் தொடங்கினாள்.

அவ்விம்மல் வந்த திக்கை நோக்கித் தாயின் கை எழுந்தது. நடிகையின் தலைக்கு மேலாகச் சென்று, பின்னே நின்றவளின் ஈரக் கன்னத்தைத் தொட்டது. "அழாத கண்ணு. நான் அப்பவே மறந்துட்டேன்."

சின்னாளில் தாய் மறைந்தாள். பேரும் புகழும் இன்னொருவர் வாயால் வந்தாலும் நமதென்று வைத்துக்கொள்ளலாம், நண்பரே; தாயின் மன்னிப்பை அவ்வாறு அடைந்தவள் அதைத் தனதென்று வைத்துக்கொள்ளவும் முடியாது, திருப்பித் தரவும் முடியாது. நடிகை அதன்பின் உயிரோடிருந்த நாளெல்லாம், தன் தலையைத் தொடாமல் கடந்துபோன அந்தக் கையை நினைத்தே இருந்தாள்.