பொன்மலை ஃபிட்டர் வீட்டுக் குழாய்

பொன்மலைப் பட்டறையில் பதினெட்டு வருடமாக ரயில் என்ஜின்களின் நீராவிக் குழாய்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டர் நான். பெயர் ஜெகபர் அலி. பாலக்கரையில் எங்கள் பழைய வீட்டிலோ, குழாயைத் திறந்து மூடினால் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் சுவரே அதிரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று கார்த்திகையில் ஒருநாள் பொறுமை கெட்டு வாசல் வால்வைப் பாதி மூடினேன். சத்தம் நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு அந்த வால்வையே மறந்துபோனேன்.

சித்திரையில் குழாயில் வேகம் குறைந்து, எங்கள் வீட்டில் தண்ணீர் நூலாக இளைத்துவிட்டது. பக்கத்து வீட்டில் மட்டும் கொட்டுகிற சத்தம் கேட்டது. அங்கே இருப்பவர் கருவாட்டுக் கடை பரக்கத் அலி, என் இருபது வருடச் சிநேகிதர். பெரிய குழாய் போட்டு எங்கள் தண்ணீரையும் இழுக்கிறார் என்று முடிவுகட்டினேன். பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து கலைகிற கூட்டத்தில் வைத்து அவரைத் தண்ணீர்த் திருடன் என்று கத்தினேன். மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதோடு எங்களுக்குள் சலாம் நின்றது.

அன்றிலிருந்து ஒன்பது நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக் குழாய் முழுவதையும் கழற்றி மாட்டினேன். துரு இல்லை, அடைப்பும் இல்லை. மனைவி ஷரபுன்னிசா வந்து நின்றாள்.

"வாசல் வால்வப் பாத்தீங்களா? சத்தம் போடுதுன்னு நீங்கதானே மூடினீங்க?"

யாருக்கும் தெரியாமல் வால்வைத் திறந்துவிட்டு வந்தேன். தண்ணீர் பொங்கியது. குழாயை மூடியதுதான் தாமதம், பழைய சம்மட்டி தெருவுக்கே கேட்கும்படி அடித்தது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பரக்கத் அலியின் குரல் வந்தது. "தண்ணி வந்துருச்சு போல. எங்க குடத்தக் குடுத்துரச் சொல்லுங்க, பாய்."

திரும்பிப் பார்த்தேன். ஷரபுன்னிசா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துவருகிறாள் என்று நான் நினைத்திருந்த செம்புக் குடத்தின் கழுத்தில் 'ப. அ.' என்று வெட்டியிருந்தது.

"அவங்க வீட்டம்மாதான் தெனமும் ரொப்பி மதில் மேல வச்சாங்க" என்றாள்.

அந்தத் தண்ணீரில் முகம் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டு, அவரை ஏசிக்கொண்டே தொழப் போயிருக்கிறேன். குடத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தப்பு என்னுதுதான், பாய். அதே எடத்துல, எல்லாரு முன்னாடியும் சொல்லிடுறேன்."

"அது இருக்கட்டும். மொதல்ல அந்தச் சத்தத்த நிறுத்துவோம், வாங்க."

சுவரோடு குழாயைப் பிடித்திருந்த இரும்புப் பட்டை கழன்று தொங்கியது. ஃபிட்டர் நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன், கருவாட்டுக் கடைக்காரர் ஆணி அடித்தார். அதிர்வு அடங்கியது.

வெள்ளிக்கிழமை அதே கூட்டத்தில் நின்று சொன்னேன். திருடன் என்று கத்தியபோது எழும்பிய குரல் இப்போது எழும்பவில்லை.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல, பாய்" என்றார் பரக்கத் அலி.