ஏழாம் நாள் மகோகனி

1

அரைப்பக்க வாக்குமூலம் ஒன்றை எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கதை பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

தலைநகரத்து எரிசக்தி அலுவலகத்திலிருந்து வந்த இஞ்சினியர் நோல்வியா பானேகாஸ் என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். "அரைப் பக்கம் போதும் ஐயா. நடந்தத நடந்தபடி எழுதுங்க" என்றார். நான் டெமெட்ரியோ கார்பாயோ. கார்பாயோ குடும்பத்தில் இன்று உயிரோடு இருக்கும் மூத்த ஆண். முப்பத்திரண்டு வருடம் ஊராட்சி மன்றச் செயலராக இருந்தவன். எங்கள் வீட்டில் நடந்தது எதுவும் நடந்தபடி வெளியே போன வழக்கமில்லை. ஆகவே கதையாக எழுதுகிறேன். கதையை யாரும் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது.

நாட்டின் பெயரை எழுதி அடித்துவிட்டேன். மத்திய அமெரிக்காவில் ஏழு நாடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எது என்று தெரிந்தால் உடனே அரசாங்க அட்டவணையைத் திறந்து எங்கள் வீட்டு அடுப்பைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள்.

2

முதல் தொடக்கம்: "மலை மீது மெல்லப் பனி இறங்கியது; ஓக் மரங்களின் நடுவே ஒரு பெண் தன்னந்தனியாக..." இல்லை. வியாழக்கிழமை மதியம். நல்ல வெயில். நோல்வியா ஜீப்பில் வந்தார். கூடவே ஓட்டுநர் இருந்தார்.

இரண்டாம் தொடக்கம்: "வளரும் நாடுகளின் நிலையான வளர்ச்சிக்கு நம்பகமான எரிசக்திப் புள்ளிவிவரங்களே அடிப்படை என்பது..." இது நோல்வியா கொண்டுவந்த அறிக்கையின் முதல் வரி. இரண்டாவது வரியில் நான் தூங்கிவிட்டேன்.

மூன்றாவது தொடக்கத்தை நோல்வியாவே கொடுத்தார். காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சாவுச் செய்தி சொல்பவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"கணக்குப்படி உங்க காடு 2009-லயே தீர்ந்துபோச்சு ஐயா."

"எந்தக் காடு?"

"அதோ, அதான்."

இருவரும் திரும்பிப் பார்த்தோம். காடு இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் அடர்த்தியாகவே இருந்தது.

"தீர்ந்துபோனத அதுக்கு யாரும் சொல்லலபோல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாத நிலையில் இருந்தார். மலைநாட்டில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு 4.2 கிலோ விறகு எரிக்கிறார் என்பது அரசாங்கத்தின் எண். அதை ஆண்டுதோறும் மக்கள்தொகையால் பெருக்குகிறார்கள். பெருக்கப் பெருக்கக் காடு குறைகிறது, காகிதத்தில். 2040 வரைக்குமான தேசியத் திட்டத்தின் வரைபடத்தில் எங்கள் மலைக்குச் சிவப்பு பூசியிருந்தார்கள். ஜனவரி முதல் ஊர்ப் பொதுக்காடு மூடப்படும். காய்ந்த கிளை ஒன்றைக்கூட எடுக்க முடியாது.

"அப்ப நாங்க எதுல சமைக்கறது?"

"கேஸ் சிலிண்டர் தர்றதா திட்டத்துல இருக்கு."

"அந்த லாரி வர்ற பாலம் புயல்ல போச்சே. பாலமும் திட்டத்துல இருக்கா?"

"பாலம் வேற அமைச்சகம் ஐயா."

ஊரில் நூற்று நாற்பது வீடுகள். அத்தனைக்கும் விறகடுப்புதான்.

பிறகு, அந்த 4.2 பிறந்த இடமான ஒரு பழைய தாளை எடுத்தார். 1983 மார்ச்சில் பன்னிரண்டு ஊர்களில், ஊருக்கு இரண்டு வீடுகளில், ஏழு நாள் விறகை எடைபோட்டிருக்கிறார்கள். திரும்பும் வழியில் கோவேறு கழுதை ஆற்றில் விழுந்துவிட்டது. பதினோரு ஊர்த் தாள்களும் போயின. எங்கள் ஊரின் இரண்டு தாள்கள் மட்டும் தப்பின. எண்கள் மிக நன்றாக இருந்ததால் அளவைக்காரர் அவற்றைப் பெருமையோடு சட்டைக்குள் வைத்திருந்தாராம். ஒரு வீடு கார்பாயோ. இன்னொன்று எதிர்வீடு, உமான்சோர். இந்த இரண்டு அடுப்புகள்தான் நாற்பத்தொரு வருடமாக ஒரு தேசமாக எரிந்துகொண்டிருக்கின்றன.

நோல்வியாவின் விரல் 'மரம்' என்ற கட்டத்தில் நின்றது. ஓக், ஓக், ஓக், ஓக், ஓக், ஓக். ஏழாம் நாள்: மகோகனி.

"மகோகனிய யாராவது அடுப்புல வைப்பாங்களா ஐயா?"

"1983-ல நாங்க கொஞ்சம் வசதியா இருந்தோம்" என்றேன்.

(வசதியாக இல்லை. இந்த வரியை நீங்கள் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.)

"இந்த எண்ண அடிக்கணும்னா அந்த மகோகனிக்கு எழுத்துல காரணம் வேணும். அந்த வீட்டுல இருந்தவர் எழுதணும். கூட ஒரு சாட்சி. இருபத்தெட்டாம் தேதி திட்டக் குழு கூடுது. அதுக்குள்ள கிடைச்சா வரைபடத்த மாத்த நான் போராடுவேன். கிடைக்கலன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

3

இப்போது 1983. இந்தப் பகுதியை எழுத எனக்குக் கொஞ்சம் பிடித்திருக்கிறது. அதனாலேயே நீங்கள் சந்தேகப்படலாம்.

அளவைக்காரர் எங்கள் வாசலில் ஒரு கொக்கித் தராசைத் தொங்கவிட்டு, அதேபோல எதிர்வாசலிலும் ஒன்று தொங்கவிட்டார். அடுப்படிக்குள் போகும் ஒவ்வொரு கட்டு விறகும் அதில் ஏறி இறங்க வேண்டும். அவரிடம் தவறேதும் இல்லை. எழுதும்போது எண்ணை உரக்கச் சொல்லும் பழக்கம் மட்டும் இருந்தது.

முதல் நாள் சாயங்காலம் தெருவே கேட்கும்படி, "கார்பாயோ, இருபத்தொன்று!" என்றார். தெருவைக் கடந்து போய், "உமான்சோர், இருபத்துநாலு!" என்றார்.

என் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

எங்கள் பக்கத்தில், காலையிலிருந்து சாயங்காலம்வரை புகை போகும் வீடு வருகிறவருக்குச் சாப்பாடு போடும் வீடு. புகை நின்ற வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். மூன்று கிலோ குறைவு என்பது விறகுக் குறைவு அல்ல.

மறுநாள் இருபத்தாறு எரித்தோம். அவர்கள் முப்பது. மூன்றாம் நாள் வெந்த எலும்பையே திரும்ப வேகவைத்தோம்.

"எடுவிஹெஸ், பன்னிக்கு வெந்நீர் போடு" என்றார் அம்மா என் அக்காவிடம்.

"பன்னி நேத்தே குளிச்சிருச்சும்மா."

"அழுக்காத்தான் இருக்கு. போடு."

முப்பத்து மூன்று. முப்பத்தொன்பது. நாற்பத்துநாலு. தெருவில் போகிறவர்களையெல்லாம் இழுத்து உட்காரவைத்துக் காபி கொடுத்தோம். எதிர்வீட்டில் சோளமாவை வாழையிலையில் மடித்து அவித்த தமாலே கொடுத்தார்கள்.* ஆறாம் நாள் நாற்பத்தெட்டு. அதோடு எங்கள் விறகு, சித்தப்பா வீட்டு விறகு, சித்தப்பா வீட்டு வேலி எல்லாம் முடிந்தன.

* உமான்சோர் வீட்டார் எடை கூடுவதற்காக விறகை ஓடையில் ஊறவைத்தார்கள் என்பது எங்கள் குடும்ப நம்பிக்கை. நான் பார்த்ததில்லை. இந்த அடிக்குறிப்பு எடுவிஹெஸின் வற்புறுத்தலால் சேர்க்கப்படுகிறது.

4

எடுவிஹெஸ் என்ற பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு சிக்கல். ஒரு கதாசிரியருக்குத் தேவை, சொன்னபடி நடக்கும் பாத்திரம். இவளுக்கு எழுபத்தொன்பது வயது. அடுத்த அறையில் இருக்கிறாள். நான் எழுதுவதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவதால் எல்லாம் அவள் காதில் விழுகிறது.

முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: "ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரே தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருந்தது. எடுவிஹெஸ் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு பின் அறைக்குள்..."

"டேய்."

"என்ன அக்கா?"

"அன்னிக்கு என் ரெண்டு கையிலயும் மாவு. கத்தி யார் கையில இருந்துச்சு?"

"இது கதை அக்கா. ஒரு வசதிக்காக..."

"யாரோட வசதிக்கு? 'பழசாயிருச்சு, திருவிழாவுக்குள்ள புதுசு செஞ்சுக்கலாம்'னு சொன்னது நான். அத எழுதிக்கோ. வெட்டினது நீ. அதையும் எழுது."

அவளைக் கதையிலிருந்தே எடுத்துவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். எடுத்தால் பன்றிக்கு வெந்நீர் போட ஆள் இல்லை.

5

சரி.

எங்கள் அப்பா, உழவர்களின் காவலரான புனித இசிதோரின் பெயரில் உள்ள ஊர்ச் சபையின் பொறுப்பாளர். புனிதரைத் தோளில் சுமக்கும் சப்பரம் எங்கள் பின் அறையில்தான் இருக்கும். மகோகனி. ஓரமெல்லாம் சோளக்கதிர்ச் செதுக்கல். அந்த ஞாயிறு, ஊரே பூசையில் மண்டியிட்டிருந்த நேரத்தில், நான் அதை வெட்டினேன். முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை. யாரும் சொல்லிக் கெட்டுப்போகும் வயது அல்ல. கதிர்களை மட்டும் சீவி எடுத்துவிட்டேன், அடையாளம் தெரியக் கூடாதென்று. பூசை முடிந்து வந்த அளவைக்காரர் விறகுக் கட்டைக் கொக்கியில் மாட்டி, "நல்ல காய்ந்த மரம்" என்று பாராட்டி, "கார்பாயோ, ஐம்பத்தெட்டு!" என்றார்.

தெருவைக் கடந்தார்.

"உமான்சோர், அறுபத்தாறு!"

அப்படியும் தோற்றோம்.

அப்பா பின் அறையைத் திறந்தார். மூடினார். சாப்பிட உட்கார்ந்தார். புதுச் சப்பரம் செய்ய எங்களால் முடியவில்லை. மே மாதத் திருவிழாவுக்காகச் சபை கூடியபோது, "சப்பரம் திருட்டுப் போய்விட்டது" என்று எழுந்து நின்று சொன்னார். சொல்லும்போது எதிர்வீட்டு லியாந்த்ரோ உமான்சோர் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். பெயர் எதுவும் சொல்லவில்லை. நாற்பத்தொரு வருடமாக இதை நான் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்: பெயர் எதுவும் சொல்லவில்லை.

லியாந்த்ரோ முப்பது வருடம் சப்பரத்தின் முன்பக்க இடது தண்டைத் தோளில் சுமந்தவர். அந்த வருடம் புனிதர் ஒரு சாப்பாட்டு மேசையில் ஊர்வலம் போனார். மேசையின் காலைப் பிடிக்கக்கூட லியாந்த்ரோவை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வருடமும் இல்லை. அதற்கடுத்த வருடம் அவர் இல்லை.

[இந்தப் பகுதியில் ஒரு நகைச்சுவை சேர்ப்பதாக இருந்தேன். இடம் விட்டு வைத்திருக்கிறேன்.]

6

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

அ) நான் வாக்குமூலத்தை எழுதி லியாந்த்ரோவின் மகன் மக்காரியோவிடம் காட்டுகிறேன். அவன் கண்ணீர் மல்க என்னைத் தழுவிக்கொள்கிறான். பின்னணியில் காடு அசைகிறது. இதைப் படித்துக் காட்டியதும் எடுவிஹெஸ் சிரித்த சிரிப்பில் முற்றத்துக் கோழிகள் கலைந்து ஓடின.

ஆ) நான் எழுதவில்லை. ஜனவரியில் காவலர்கள் வந்து காட்டுக்குச் சங்கிலி போடுகிறார்கள். இந்த முடிவில் கார்பாயோ குடும்பத்தின் மானம் முழுசாக இருக்கிறது. நூற்று நாற்பது வீட்டில் பீன்ஸ் மட்டும் வேகவில்லை.

இ) நான் எழுதி, நேராக நோல்வியாவிடம் கொடுத்துவிடுகிறேன். தலைநகரத்தில் யாரோ படித்து எண்ணை அடித்துவிட்டுக் கோப்பை மூடுகிறார்கள். ஊரில் யாருக்கும் தெரியாது. இதுதான் எனக்குப் பிடித்த முடிவு. இதைத்தான் எழுதியிருப்பேன், நோல்வியா தொலைபேசியில் சாட்சியின் தகுதியை வாசிக்காமல் இருந்திருந்தால்.

"உங்க சொந்தக்காரரா இருக்கக் கூடாது. 1983-ல இதே ஊர்ல பெரியவரா இருந்திருக்கணும். அளவெடுத்த வீட்டுல இருந்து நேர்ல பார்த்திருக்கணும். அப்படி யாராவது உசிரோட இருக்காங்களா ஐயா?"

இருந்தான். ஒரே ஒருவன்.

7

கடைசியில் அந்த அரைப் பக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். தெருவின் அகலம் பதினோரு அடி. மக்காரியோ வாசலில் உட்கார்ந்து காபிக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"யாரு? கார்பாயோவா? வழி தவறிட்டியா?"

"ஒரு கையெழுத்து வேணும்."

"ஏன், உங்க வீட்டுல பேனா தீர்ந்துபோச்சா?"

"சாட்சிக் கையெழுத்து. காடு விஷயம். அந்த விறகு எடை போட்டாங்களே, அந்த வாரத்தப் பத்தி."

"ஓ! நாங்க ஜெயிச்ச வாரம்."

வாய்க்கு வந்த பதிலை விழுங்கினேன். என் வாழ்நாளில் விழுங்கியவற்றில் அது பெரியது.

"எங்கப்பாவ திருடன்னு சொன்ன வீடு" என்றான், கொட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த வீட்டுக்கு நான் சாட்சி."

"சொல்லல. பார்த்தாரு, அவ்வளவுதான்" என்றேன். வாய்ப் பழக்கம்.

அவன் நிமிர்ந்தான். பிறகு பேனாவுக்காகக் கையை நீட்டினான். "ஊரு காட்டுக்காகப் போடறேன். உனக்காக இல்ல. ஆனா படிக்காம போட மாட்டேன். கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருக்கு. நீயே படி. சத்தமா படி, இவங்களும் கேக்கட்டும்."

உள்ளேயிருந்து அவன் மகள்கள், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிரே எங்கள் வாசலில் எடுவிஹெஸ் வந்து நின்றாள்.

தாளில் ஒன்பது வரிகள் இருந்தன. முழுசாகத் தருகிறேன்:

1. 1983 மார்ச்சில் விறகு நிறுக்கப்பட்ட வீட்டில் வாழ்ந்தவன் நான், டெமெட்ரியோ கார்பாயோ.
2. அந்த ஏழு நாளில் எரிந்தது சமையலுக்குத் தேவையான விறகு அல்ல.
3. எதிர்வீட்டைவிட எடை கூட வேண்டும் என்பதற்காகவே எரித்தோம்.
4. பன்றியை நான்கு முறை வெந்நீரில் குளிப்பாட்டினோம்.
5. சாதாரண வாரத்தில் எங்கள் வீட்டில் இதில் பாதிகூட எரியாது.
6. ஏழாம் நாள் எரிந்த மகோகனி, புனித இசிதோரின் சப்பரம்.
7. அதை வெட்டியவன் நான்.
8. உமான்சோர் குடும்பத்தில் யாரும் அதைத் தொடவில்லை.
9. இது எங்களுக்கு அன்றைக்கே தெரியும்.

படிக்கத் தொடங்கினேன். மூன்றாம் வரியில் மக்காரியோ தொடையில் தட்டினான். நான்காம் வரியில் வாசலே சிரித்தது. "எங்க வீட்டுல கழுதைய குளிப்பாட்டினோம்டா!" என்று அவன் கத்தினான், கண்ணில் தண்ணீர், சிரிப்பால். ஐந்தாம் வரியைப் படித்து நிறுத்தினேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஐந்தாம் வரியோடு "அவ்வளவுதான்" என்று தாளை நீட்டினால் அவன் கையெழுத்துப் போடுவான். ஒன்பது வரிகளும் தலைநகரம் போய்ச் சேரும். காடு திறந்திருக்கும். எங்கள் அப்பா எங்கள் அப்பாவாகவே கல்லறையில் இருப்பார். கண்ணாடி ரிப்பேரிலிருந்து வருவதற்குள் தாள் ஊரைவிட்டே போயிருக்கும். இதைவிடச் சுத்தமான முடிவு எந்தக் கதாசிரியருக்கும் கிடைத்திருக்காது.

"அப்புறம்?" என்கிறான் மக்காரியோ.

நான் எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன். ஆறாம் வரி என்ன என்று உங்களுக்குத் தெரியும்; தாள் உங்கள் கையில்தான் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் காத்திருக்கிறார்கள். "அவ்வளவுதான்" என்றும் நீங்கள் சொல்லலாம், அது உங்கள் விருப்பம். படிப்பதாக இருந்தால் மட்டும், தயவுசெய்து உரக்கப் படியுங்கள். மக்காரியோவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.