ஆறாம் நாள் காற்று

1.
இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. கதை எழுதுகிறவளுக்கு அது தொழில், பெண்டாட்டிக்கு உரிமை. என் வீட்டுக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டு என் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நாளைக்கு பில்டர் நாள்."

"சரி மாப்ள, சூளைய மூட்டல."

2.
முதல் தொடக்கம்: 'கிராமப்புறக் காற்றில் கலந்துள்ள சல்பேட் என்னும் நுண்தூளானது—'

(பாடப்புத்தக வாடை. அடித்துவிட்டேன்.)

விஷயம் இதுதான். சுகாதார நிலையத்து மொட்டைமாடியில் காற்றை உறிஞ்சும் கருவி ஒன்று இருக்கிறது. ஆறு நாளைக்கு ஒருமுறை அதில் தூசியைப் பிடிக்கும் வெள்ளை பில்டர் தாளைப் பொருத்தி, ஒரு நாள் ஓடவிட்டு, உறையில் போட்டுத் தேதி எழுதி அனுப்புவது வீட்டுக்காரர் வேலை. சல்பேட் எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்று ஆய்வகம் சொல்லும். அண்ணனின் செங்கல் சூளையில் எரிவது மட்டமான நிலக்கரி. ஆறாம் நாள் மட்டும் சூளை பரம சாது.

3.
அண்ணனை வில்லனாக்கிப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. என் மகளுக்கு மூச்சிழுப்பு வந்தால் முதல் ஆளாக வண்டியோடு வந்து நிற்பவன் அவன்தான்.

(இழுப்பு வருவது மற்ற ஐந்து நாட்களில். இதை அடிக்குறிப்பில் ஒளிக்க நினைத்தேன். மனசு கேட்கவில்லை.)

போன வாரம் அறிக்கை வந்தது: சல்பேட் உண்டு, தூரத்து அனல்மின் நிலையத்திலிருந்து வந்தது, உள்ளூரில் மூலம் ஏதுமில்லை. அண்ணன் மிட்டாய்ப் பெட்டியோடு வந்தான்.

"பாத்தியாம்மா, நம்ம மேல ஒரு குத்தமும் இல்ல!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிட்டாயையும் தின்றேன்.

4.
முந்தாநாள் பில்டர் நாள் இல்லை. ஆணியில் தொங்கிய சுகாதார நிலையச் சாவியை எடுத்துக்கொண்டு போய் மாடியேறி, நானே ஒரு தாளைப் பொருத்தினேன். நேற்று எடுத்தபோது அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியின் அடி மாதிரி இருந்தது.

(கறுப்பு, கரிப்புகை. சல்பேட் கண்ணுக்குத் தெரியாது. ஆய்வகம்தான் பிரித்துச் சொல்லவேண்டும். எனக்குக் கறுப்பே போதும்.)

அதைப் போட்டு வைத்த உறையை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"இத அனுப்புனா மச்சான் சூளை போயிடும். போன் பண்ணிச் சொன்னது நான்தான்னு தெரிஞ்சா என் வேலையும் போயிடும்."

"அனுப்பலன்னா?"

உள்ளறையில் மகளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

5.
முடிவு ஒன்று: அனுப்புகிறேன். அண்ணன் இனி என் வாசல்படி மிதிக்கமாட்டான்.

முடிவு இரண்டு: கிழித்துப் போடுகிறேன். எல்லோரும் சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறோம், மகள் மட்டும்—

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியாது.)

உறை மேஜைமேல் இருக்கிறது. தேதிக் கட்டம் காலி. பேனா இந்தாருங்கள், நீங்களே எழுதுங்கள், அல்லது கிழியுங்கள். எனக்கு நியாயம் மட்டும் சொல்லவேண்டாம். முதலில் உள்ளறைக்குப் போய், அவள் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, அந்த மூச்சைக் கேட்டுவிட்டு வாருங்கள்.